மெதுவாகப் போகும் தோட்டா: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. மழைக்கு முந்திய கடைசி உப்பையும் வாரி, அம்பாரத்துக்கு ஓலை போட்டு மூடியாயிற்று என்று அக்கா சொன்னாள். சந்தோஷம்.

நீ போனில் கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பாதி காதில் விழுந்து பாதி விட்டுப்போகக் கூடாத விஷயம் இது. எழுத்தில் இருந்தால் திரும்பத் திரும்பப் படிப்பாய் என்றுதான் உட்கார்ந்தேன்.

நீ கேட்டவை இரண்டு. ஒலியைவிட மெதுவாகப் போகிற தோட்டாவைப் போட்டால், தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபில் ஏன் நடுவில் நின்றுவிடுகிறது என்பது ஒன்று. நிற்காமல் ஓடுகிற மெதுத் தோட்டாவை நம் உப்பளத்துக் கொட்டகையில் வைத்துக் கையாலேயே செய்துகொள்ள முடியாதா, காலித் தோட்டாவும் அழுத்துகிற கருவியும் தருவதாக ஒருவர் சொல்கிறாரே என்பது மற்றொன்று.

முதல் கேள்வி அருமையான கேள்வி. என்.சி.சி.யில் பத்து ரவுண்டு சுட்டுவிட்டு வந்த பையன் இதைக் கேட்டான் என்பதில் எனக்குப் பெருமைதான். பட்டாளத்தில் ஆர்மரராக நான் சோறு தின்றதே இந்தக் கேள்வியின் மேல்தான் என்று சொல்லலாம். இரண்டாவது கேள்விக்கு என் பதில், கூடாது என்பது. மாமா மிரட்டுகிறார் என்று நீ எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது. அதனால் காரணம் முழுவதையும் எழுதுகிறேன்.

சத்தத்திலிருந்து தொடங்குவோம். ஃபயரிங் ரேஞ்சில் பட்ஸ் பள்ளத்தில் உட்கார்ந்து டார்கெட்டை ஏற்றி இறக்கியவனுக்கு இது நன்றாகத் தெரியும். தலைக்கு மேலே முதலில் 'சடார்' என்று சாட்டை சொடுக்கியதுபோல ஒரு சத்தம் வரும். கொஞ்சம் பொறுத்துத் தூரத்திலிருந்து 'டும்' என்று இன்னொன்று வரும். பின்னால் வருவது குழல் வாயில் வெடிவாயு பீறிடுகிற சத்தம். முன்னால் வந்தது குண்டு போட்ட சத்தம். குண்டு ஒலியைவிட வேகமாகக் காற்றைக் கிழித்துப் போகும்போது போகிற வழியெல்லாம் அந்தச் சொடுக்கைப் போட்டுக்கொண்டே போகும். ஒலிவேகத்துக்குக் கீழே போகிற குண்டு அதைப் போடாது. அவ்வளவுதான் விஷயம். சினிமாவில் காட்டுகிறதுபோல ஊமைத் துப்பாக்கி என்று எதுவும் கிடையாது.

அந்த ஒலிவேகம் எவ்வளவு என்பது இடத்தைப் பொறுத்தது. இதைப் பலர் கவனிப்பதில்லை. பூஜ்யம் டிகிரிக் குளிரில் ஒலி விநாடிக்கு 331 மீட்டர் போகும். வெயில் ஒரு டிகிரி ஏற ஏற ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடும். மார்கழியில் ஊட்டியில் விடியற்காலை 5 டிகிரி என்று வைத்துக்கொள், அங்கே 334. சித்திரை நடுப்பகலில் நம் மரக்காணத்தில் 38 டிகிரி என்றால் 354. ஒரே மாநிலத்துக்குள் 20 மீட்டர் வித்தியாசம். ஊட்டியில் சொடுக்குப் போடுகிற தோட்டா நம் அளத்து வரப்பில் சொடுக்காமல் போகலாம். ஒலிவேகத்தை ஒட்டினாற்போலப் போகிற குண்டுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அந்த எல்லையில் காற்றின் எதிர்ப்பு சட்டென்று ஏறும், குண்டு தள்ளாடும், குறி தப்பும். அதனால்தான் போட்டித் துப்பாக்கிக்காரர்கள் எல்லைக்குக் கீழேயே இருந்துகொள்ளப் பார்க்கிறார்கள்.

இப்போது ரைஃபிலுக்குள்ளே வா. நம் பட்டாளத்தில் வெகுகாலம் இருந்த எஸ்.எல்.ஆர். ரைஃபிலை எடுத்துக்கொள்வோம். 1962 சீனப் போரில் போல்ட்டை இழுத்து இழுத்துச் சுடுகிற பழைய த்ரீ நாட் த்ரீயோடு நின்ற பட்டாளத்துக்கு, அடுத்து வந்த ஆண்டுகளில் இஷாபூரில் செய்து கொடுத்த ரைஃபில் அது. விசையை அழுத்தினால் மருந்து எரிகிறது, வாயு குண்டைத் தள்ளிக்கொண்டு குழலில் ஓடுகிறது. குழலில் ஓரிடத்தில் சின்னத் துளை இருக்கும். குண்டு அந்தத் துளையைத் தாண்டியதும் வாயுவில் கொஞ்சம் அதன் வழியே மேலே ஏறி பிஸ்டனை அடிக்கும். பிஸ்டன் பின்னால் தள்ள, போல்ட்டின் பூட்டு கழன்று, காலித் தோட்டாவை இழுத்து வெளியே எறிந்துவிட்டு, ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு கடைசிவரை பின்னே போகும். அப்புறம் ஸ்பிரிங் அதை முன்னே தள்ளும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைச் செருகிக்கொண்டு பூட்டும். இத்தனையும் கண் இமைப்பதற்குள் முடிகிறது. குண்டு துளையைத் தாண்டிய பிறகும் குழலின் வாயை விடுவதற்கு முன்பும் உள்ள அந்தத் துளி நேரத்தில்தான் இவ்வளவு வேலைக்கும் வேண்டிய உதை கிடைத்தாக வேண்டும். குண்டு வெளியே போய்விட்டால் வாயுவும் அதோடு போய்விடும்.

அந்த உதையைக் கூட்டிக் குறைக்க எஸ்.எல்.ஆரில் கேஸ் ரெகுலேட்டர் என்று ஒரு வளையம் உண்டு. அதைத் திருகித் திருகி, ரைஃபில் சரியாக ஓடுகிற அளவைக் கண்டுபிடித்து, அதற்கு மேல் கொஞ்சம் கூடுதலாக வைப்போம். அழுக்குப் படிந்தாலும் மணல் ஏறினாலும் நிற்காமல் ஓடட்டும் என்பதற்கு அந்தக் கூடுதல். அளவுக்கு மேல் வைத்தாலோ போல்ட் மோதி மோதி ரைஃபில் தேய்ந்துபோகும். ஒவ்வொரு ரைஃபிலுக்கும் அந்த அளவு வேறு. ஒரே தொழிற்சாலையில் ஒரே வாரத்தில் செய்த இரண்டுக்கும்கூட வேறுதான்.

இந்தக் கணக்கில் மெதுத் தோட்டாவைப் போட்டுப் பார். எஸ்.எல்.ஆர். குண்டு 9 கிராமுக்குச் சற்று மேல்; விநாடிக்கு 800 மீட்டருக்கு மேல் போகும்; அதன் ஆற்றல் 3,000 ஜூலுக்குச் சற்று மேல். அதே குண்டை 320 மீட்டருக்கு இறக்கினால் ஆற்றல் 500 ஜூலுக்கும் கீழே வந்துவிடும். வேகம் ஐந்தில் இரண்டாகக் குறைய, ஆற்றல் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. மருந்தைக் குறைத்ததால் துளைக்கு வருகிற வாயுவும் சோனியாக வரும். போல்ட் பாதி வழி போய்த் திரும்பும். காலித் தோட்டா வாசலிலேயே செங்குத்தாக நின்று சிக்கிக்கொள்ளும். அல்லது வெளியே விழும், ஆனால் அடுத்ததை எடுக்கிற அளவுக்கு போல்ட் பின்னே போயிருக்காது. விசையை அழுத்தினால் 'டிக்'கென்று வெறும் சத்தம்தான் கேட்கும். நீ கேட்ட கேள்விக்கு விடை இதுதான். அந்த ரைஃபில் வேகமான தோட்டாவுக்கென்று பிறந்தது. மெதுவானதைக் கொடுத்தால் அதற்குப் பசி அடங்காது.

உலகத்தில் இதை எப்படித் தீர்த்தார்கள் என்று பார்த்தால் உனக்கு ஒன்று புரியும். யாரும் பழைய ரைஃபிலில் பழைய தோட்டாவின் மருந்தை மட்டும் குறைத்துவிட்டு வெற்றி பெறவில்லை. இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்துக்காரர்கள் செய்த டி லைல் கார்பைன், தானியங்கும் வேலையையே வேண்டாம் என்று தள்ளிவிட்டது. போல்ட்டைக் கையால் இழுக்க வேண்டும். இயக்கமே இல்லையென்றால் சிக்கலும் இல்லை, போல்ட் அடித்துக்கொள்கிற சத்தமும் இல்லை. எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் மிக நேர்மையான தீர்வு அதுதான். சோவியத்துக்காரர்கள் வேறு வழி போனார்கள். வேகத்தைக் கூட்ட முடியாது, எடையைக் கூட்டலாம் என்று 16 கிராம் குண்டு கொண்ட 9×39 தோட்டாவைப் புதிதாக உருவாக்கினார்கள். அதற்கென்றே வின்டோரெஸ், வால் என்று இரண்டு துப்பாக்கிகளையும் வடிவமைத்து 1987-இல் படைக்குக் கொடுத்தார்கள். குண்டு 290 மீட்டர் அளவில்தான் போகும். அமெரிக்காவில் 2011-இல் தரப்படுத்தப்பட்ட 300 பிளாக்அவுட்டும் இதே யோசனைதான். கனமான குண்டு, மருந்து அடைக்கிற சிறிய பித்தளைக் கூடு, வாயுத் துளையைத் தோட்டா அமரும் அறைக்குப் பக்கத்திலேயே வைத்த குழல். தோட்டா, குழல், துளை, ஸ்பிரிங் நான்கையும் ஒன்றுக்கொன்று பொருத்தித் தீர்த்த கணக்கு இது. பின்னால் அழுத்தத்தை அளக்கிற சோதனைக் குழல்களும், வேகம் அளக்கிற கருவிகளும், சுட்டுச் சுட்டுப் பார்க்க ஆயிரக்கணக்கில் தோட்டாக்களும் இருந்தன. உன் கொட்டகையில் என்ன இருக்கிறது?

குறைந்த மருந்து என்றால் குறைந்த ஆபத்து என்று உனக்குத் தோன்றும். எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றுகிறது. உண்மை நேர்மாறு. இதை மெதுவாகப் படி.

பெரிய கூட்டில் கொஞ்சம் மருந்து போட்டால் அது உள்ளே ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். துப்பாக்கியை மேலே தூக்கினால் பின்னால் சரியும், கீழே சாய்த்தால் முன்னால் சரியும். ஒவ்வொரு தடவையும் தீப்பற்றுவது வேறு மாதிரி இருக்கும். ஒரு குண்டு 300 போகும், அடுத்தது 340 போகும், மூன்றாவது குழலை விட்டு வெளியே வராமல் நடுவிலேயே நிற்கும். போல்ட்டைக் கையால் இழுக்கிற துப்பாக்கி என்றால் சத்தம் சரியில்லையே என்று நிறுத்தி, போல்ட்டைக் கழற்றிக் குழலுக்குள் பார்க்க ஒரு வாய்ப்பு உண்டு. தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியில் அடுத்த தோட்டா அதற்குள் உள்ளே வந்திருக்கவும் கூடும். விரல் இன்னொரு தடவை அழுத்தினால் அடைத்த குழலுக்குள் அடுத்த குண்டு போய் மோதும். அப்போது எஃகு கிழியும். அது கிழிகிற இடம் உன் கன்னத்துக்கும் இடது கைக்கும் மிகப் பக்கம்.

இன்னொன்றும் உண்டு. கூட்டை முக்கால்வாசி நிரப்புகிற மருந்தைத் தப்பித்தவறி இரண்டு தடவை போட்டால் வழிந்து கொட்டும், கண்ணுக்குத் தெரிந்துவிடும். மெதுத் தோட்டாவுக்கு வேண்டிய சிறிய அளவை இரண்டு தடவை போட்டாலும் கூட்டுக்குள் இடம் இருக்கும். மேலே குண்டை வைத்து அழுத்திவிட்டால் அப்புறம் யாருக்கும் தெரியாது. கையால் தோட்டா கட்டுவது சட்டப்படி நடக்கிற நாடுகளில், பல ஆண்டு பழகியவர்களையே கவிழ்க்கிற இடம் இது.

கூட்டின் பித்தளையையும் சேர்த்துக்கொள்; காற்றில் கலந்திருப்பதே அதைக் கெடுத்துவிடும். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த பித்தளைத் தோட்டாக்கள், யாரும் தொடாமலேயே கீறல் விட்டுப் போயின. என்ன காரணம் என்று நெடுநாள் தெரியவில்லை. குதிரை மூத்திரத்திலிருந்து எழுகிற அம்மோனியா, இழுவிசையில் இருக்கிற பித்தளையைப் பிளக்கிறது என்று 1921-இல்தான் விளக்கம் வந்தது. உலோகவியல் படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் அந்த லாயத்துத் தோட்டாக் கதையைப் படிக்கிறார்கள். ஒரு பட்டாளத்தின் கிடங்கிலேயே அப்படி என்றால், யாரோ எங்கேயோ சுட்டுப்போட்டதைப் பொறுக்கி, எத்தனை தடவை வெடித்தது, எங்கே கிடந்தது என்று எதுவும் தெரியாமல் கொண்டுவருகிற கூட்டை எப்படி நம்புவது? மருந்தும் அப்படித்தான். வெயிலில் கிடந்த தோட்டா வேகமாக எரியும், ஈரம் கண்டது மந்தமாக எரியும்.

உன் அப்பா பாத்தியில் தண்ணீரின் அடர்த்தி டிகிரி பார்க்காமல் அடுத்த பாத்திக்கு மடை திறப்பாரா? 25 டிகிரிக்கு வந்தால்தான் உப்பு கட்டும், 29-ஐத் தாண்டவிட்டால் கசப்பு உப்பு சேர்ந்துவிடும் என்பதற்காக வெயிலில் நின்று கருவியை மிதக்கவிட்டுப் பார்க்கிறார். அங்கே பிழைத்தால் போவது ஒரு பாத்தி உப்பு. துப்பாக்கி அறைக்குள் ஏறுகிற அழுத்தத்தை மிதக்கவிட்டுப் பார்க்க வீட்டில் ஒரு கருவியும் கிடையாது.

கையால் மருந்து கெட்டிப்பது நம் பக்கத்துக்குப் புதிதா என்று நீ கேட்கலாம். புதிதல்ல. நரிக்குறவர்கள் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியை உன் தாத்தா காலத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். வாய் வழியே கருமருந்தைப் போட்டு, துணியோ நாரோ வைத்துக் கம்பியால் இடித்து, ரவையைப் போட்டுச் சுடுவார்கள். வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்த அந்த மருந்தும், இன்றைய ரைஃபில் மருந்தும் ஒன்றல்ல. கருமருந்து புகையாய்க் கக்கும், அழுத்தம் ஏறுவதும் ஓர் அளவுக்குள் நிற்கும். புகையில்லா மருந்து அதே கொள்ளளவில் பல மடங்கு வேகமும் அழுத்தமும் காட்டும். பழைய கைப்பழக்கத்தைப் புதிய மருந்துக்குக் கொண்டுபோனால் துப்பாக்கி தாங்காது. அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகிய அறிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது வேறு கருவியின் அறிவு.

புகையில்லா மருந்தை எப்படிச் செய்கிறார்கள் என்று அறிய ஆசை இருந்தால் தமிழ்நாட்டை விட்டுப் போகவே வேண்டாம். நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரன் கட்டியது. 2021 அக்டோபர் முதல் மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. பஞ்சு மாதிரிப் பொருளை அமிலத்தில் நனைத்து நைட்ரோ செல்லுலோஸ் ஆக்குவதிலிருந்து, மணியாக வெட்டி எடுப்பதுவரை, பிரித்துப் பிரித்துக் கட்டிய கட்டடங்களில் செய்கிற வேலை. ஒவ்வொரு தொகுதியையும் சுட்டுப் பார்த்துத்தான் வெளியே அனுப்புவார்கள். வேதியியல் படித்துவிட்டு அங்கே போ. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் போ. புனேயில் டி.ஆர்.டி.ஓ.வின் ஆயுத ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது, அதற்குப் படி. உன் கேள்வியைக் கேட்டதற்காகச் சம்பளம் கொடுக்கிற இடங்கள் அவை.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ செய்யக் கூடாது. தோட்டா என்பதற்குச் சட்டம் கொடுக்கிற விளக்கத்தில் அதன் பாகங்களும், அதைச் செய்கிற இயந்திரமும்கூட அடக்கம். ஆக, அந்த மனிதர் உனக்குத் தருவதாகச் சொன்ன அழுத்துகிற கருவி கையில் இருந்தாலே நீ பதில் சொல்லியாக வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமமின்றிச் செய்ததற்குத் தண்டனை குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். தானே ஏற்றிக்கொள்ளும் ரைஃபிலோ 2016 ஆயுத விதிகளில் மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள வகையில் வருகிறது. இதில் உனக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். அந்த ரைஃபில் இல்லாதவனுக்கு அதற்கான தோட்டா எதற்கு? இருக்கிறவனிடம் அது எப்படி வந்தது? உன்னிடம் அந்தக் கருவியைக் கொடுக்க முன்வருகிறவர் இந்தக் கேள்விக்கு என்ன பதில் வைத்திருக்கிறார் என்று நீ யோசித்தாயா?

எனக்கு ஒரு பதில் தோன்றுகிறது, அதைச் சொல்லாமல் விட மனம் இல்லை. நம் ஊரில் சத்தம் குறைந்த துப்பாக்கி யாருக்குத் தேவைப்படும்? கழுவெளிக்குப் போகிறவனுக்கு. பழவேற்காட்டுக்கு அடுத்தபடி தமிழ்நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி நம் வீட்டுக் கொல்லையில் கிடக்கிறது. 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேருக்கு மேல் பறவைகள் சரணாலயம் ஆக்கினார்கள், 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பூநாரையும் கூழைக்கடாவும் கூடுகிற இடம்; உள்ளானும் கிளுவையும் மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வந்து இறங்குகிற இடம். வெட்டவெளியில் வேட்டைத் துப்பாக்கிச் சத்தம் கிராமம் கிராமமாகக் கேட்கும், வனத்துறைக்காரருக்கும் கேட்கும். அந்தச் சத்தம்தான் பறவைக்கு இருக்கிற காவல். அதை அணைத்துக் கொடுக்கிற வேலைக்கு உன் மூளையும் உன் கையும் பயன்படக் கூடாது. உனக்கு அந்த எண்ணம் துளியும் இல்லை என்று எனக்குத் தெரியும். கருவி தருகிறேன் என்கிறவருக்கு இருக்கலாம்.

நிலத்தையும் யோசி. நம் உப்பளத்தில் குண்டை வாங்கி நிறுத்த ஒரு மண்மேடு உண்டா? கண்ணுக்கு எட்டிய மட்டும் தட்டை. சாதாரண .22 குண்டே ஒன்றரை கிலோமீட்டர்வரை போகும். மெதுவான கனத்த குண்டு இன்னும் மோசம். வேகமான குண்டு எதிலாவது பட்டால் சிதறும். மெதுவானது உடையாமல் தாழ்வான கோணத்தில் தண்ணீரிலோ இறுகின தரையிலோ பட்டுத் தாவிப் போகும். சின்ன வயதில் பாத்தித் தண்ணீரில் ஓட்டாஞ்சில்லு விட்டிருக்கிறாயே, அந்தத் தாவல்தான். விடியற்காலையில் அங்கே குனிந்து உப்பு வாருகிறவர்கள் யார்? உன் அம்மா, உன் சித்தி, பக்கத்துத் தெரு ஆட்கள். குண்டு எங்கே போய் நிற்கும் என்று தெரியாத இடத்தில் துப்பாக்கியைத் தூக்கவே கூடாது என்பது எந்தச் சட்டத்துக்கும் முந்திய விதி.

சரி, ஆசையை என்ன செய்வது என்பாய். ஆசை நல்ல ஆசை. அதற்கு உரிய இடம் இருக்கிறது.

நீ என்.சி.சி.யில் சுட்ட .22 ரைஃபிலின் தோட்டா 1887-இலிருந்து இருப்பது. அதன் போட்டி வகை விநாடிக்கு 325 முதல் 330 மீட்டர்வரைதான் போகும். அதாவது நீ தேடுகிற மெதுத் தோட்டா ஏற்கெனவே உன் கையில் வந்து போயிருக்கிறது. போல்ட்டைக் கையால் இழுக்கிற ரைஃபில் என்பதால் உதை போதுமா என்ற கவலையே அதற்கு இல்லை. பாரீஸ் ஒலிம்பிக்ஸில் 2024-இல் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கியது இந்தத் தோட்டாவால்தான். 50 மீட்டரில் பத்துக்கான வட்டம் 10.4 மில்லிமீட்டர், நம் சட்டைப் பித்தான் அளவு.

இந்தத் தோட்டாவைக் கையால் மறுபடி கட்டவே முடியாது. தீப்பொறி மருந்து அடி விளிம்பின் மடிப்புக்குள் இருக்கிறது. ஒருமுறை ஊசி அடித்து நசுக்கினால் முடிந்தது. பெரிய போட்டியாளர்கள் அதற்கு என்ன செய்கிறார்கள் தெரியுமா? ரைஃபிலின் குழலைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ இருக்கிற தோட்டாத் தொழிற்சாலையின் சோதனைக் கூடத்துக்குப் போகிறார்கள். குழலை இடுக்கியில் இறுக்கிப் பூட்டி, தொகுதி தொகுதியாகச் சுட்டு, தங்கள் குழலுக்கு எந்தத் தொகுதி நெருக்கமாக விழுகிறதோ அதை மொத்தமாக வாங்கி வருகிறார்கள். ஒரே பெயர், ஒரே விலை, ஒரே இயந்திரம், ஆனாலும் தொகுதிக்குத் தொகுதி வேறுபடுகிறது. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. அளந்து பார்ப்பதில் இத்தனை பொறுமை இருக்கிறவர்கள்கூட, செய்வதைத் தொழிற்சாலையிடமே விட்டுவிடுகிறார்கள்.

அதைவிடச் சுலபமான வாசல் ஏர் ரைஃபில். .177 அளவு, 20 ஜூலுக்கு மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு நம் நாட்டில் உரிமம் வேண்டியதில்லை. போட்டி ரைஃபிலில் போடுகிற, பெல்லட் என்கிற சில்லு அரை கிராம்தான், 170 மீட்டர் வேகத்தில் போகும், ஆற்றல் எட்டு ஜூலைத் தொடாது. பத்து மீட்டரில் பத்துக்கான புள்ளி அரை மில்லிமீட்டர், பேனா முனை. குண்டு மெதுவாகப் போகிறதென்றால் குழலுக்குள் அதிக நேரம் இருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் நீ மூச்சு விட்டால், தோள் அசைந்தால், விரல் ஒரு பக்கமாக இழுத்தால் எல்லாம் அட்டையில் பதிவாகிவிடும். அபினவ் பிந்த்ரா 2008 ஒலிம்பிக்ஸில் தங்கம் வாங்கியது இதில்தான். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012-இல் வெண்கலம் வாங்கியதும் இதில்தான். நமக்குத் தெற்கே பாண்டிச்சேரியைத் தாண்டினால் கடலூர். அங்கே பிறந்த இளவேனில் வாலறிவன் அகமதாபாத்தில் வளர்ந்து, ககன் நாரங்கின் பயிற்சிக் கூடத்தில் தேறி, டோக்கியோவுக்கும் பாரீஸுக்கும் போய் நின்றார். இந்தக் கடற்கரையிலிருந்து கிளம்பினால் அந்த மேடை தூரமில்லை.

மெதுத் தோட்டாவின் கணக்கு பிடித்திருக்கிறது என்றால் அதையும் அங்கேயே போட்டுப் பார்க்கலாம். சில்லுகளை எடை போட்டுத் தரம் பிரி. பயிற்சிக் கூடத்தில் வேகம் அளக்கிற கருவி இருந்தால், பத்துச் சில்லின் வேகத்தை எழுதி, சராசரியும் விலகலும் கணக்கிடு. காலையிலும் மத்தியானத்திலும் எழுதி ஒப்பிட்டுப் பார். குண்டின் எடை, வேகம், உந்தம், ஆற்றல் இவற்றை வைத்து ஒரு போல்ட் எவ்வளவு தூரம் பின்னே போகும் என்பதைத் தாளில் கணக்காகப் போடு. பிளஸ் டூ இயற்பியல் போதும். அந்தத் தாளை எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன். துப்பாக்கியின் உள்வேலையை நான் ஒளித்துவைக்கப் போவதில்லை. நீ கேட்கக் கேட்கச் சொல்வேன்.

இப்போது உடனே செய்ய வேண்டியது. அந்த மனிதர் ஏதாவது உன் கையில் ஏற்கெனவே கொடுத்திருந்தால், காலிக் கூடோ கருவியோ மருந்தோ எதுவாக இருந்தாலும், அதைப் பிரித்துப் பார்க்காதே, இடம் மாற்றாதே, கிணற்றிலோ கழுவெளி ஓடையிலோ எறியாதே. அப்பாவிடம் இன்று இரவே சொல். அவர் கோபிப்பார், கோபிக்கட்டும். எனக்கும் போன் செய்யச் சொல். நான் முதல் பஸ்ஸில் வருகிறேன். மூவரும் தெரிந்த வக்கீல் ஒருவரோடு ஸ்டேஷனுக்குப் போய் ஒப்படைத்து எழுதி வாங்கிக்கொள்வோம். தானாகப் போய்க் கொடுப்பதற்கும் தேடிவந்து எடுப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

எதுவும் கைக்கு வரவில்லை என்றால் அந்த மனிதரிடம் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு, அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை சென்னைக்கு வா. என்.சி.சி. சான்றிதழ், பிறந்த தேதிச் சான்று, ஆதார், நான்கு போட்டோ எடுத்துவா. அப்பாவின் கையெழுத்தும் வேண்டியிருக்கும். மாநிலத் துப்பாக்கிச் சங்கத்தில் சேர்ந்த கிளப் ஒன்றில் பேசி வைத்திருக்கிறேன். ஏர் ரைஃபில் அவர்களே தருவார்கள், நீ ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. தட்டையான அடி உள்ள ஷூ போட்டு வா, செருப்போடு உள்ளே விடமாட்டார்கள்.

அன்புடன்,
மாமா